யாதவியின் இன்னொரு பெயர்

சூரிச்,
ஜூன், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தங்கச்சி ரிஷானிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் சாயிசனும் சுகமாக இருப்பதாக அம்மா சொன்னார். உங்கள் ஸ்கார்பரோவில் இந்த முறை வெயில் கெதியாக வந்துவிட்டதாம். இங்கே இன்னும் மழைதான். என் கால் நன்றாகச் சுகமாகிவிட்டது. ஊன்றுபொல்லு இல்லாமலே மூன்று மாடியும் ஏறி இறங்குகிறேன். உன் அத்தான் ராஃபிக்கு வேலை கூட. சின்னவன் சயன் முன்பல்லை உடைத்துக்கொண்டு வந்து நிற்கிறான், ஆனால் அழவில்லை.

நீ அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாம் வந்தன. முதலாவதை மட்டும் கேட்டேன். "அன்பிலைதான் அக்கா செய்தனான்" என்று நீ தொடங்கியதும் நிறுத்திவிட்டேன். மற்றவற்றை இன்னும் திறக்கவில்லை. பதிலை முதலில் ஜெர்மனில் எழுதிப் பார்த்தேன். வக்கீல் அனுப்பும் அறிவித்தல் போல இருந்தது. அதைக் கிழித்துவிட்டு, லாங்கன்தாலில் சனிக்கிழமைதோறும் நாம் இருவரும் சிணுங்கிக்கொண்டே போய்ப் படித்த தமிழில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நடந்தது உனக்குத் தெரியும். என் பக்கத்திலிருந்து எப்படி நடந்தது என்பது உனக்குத் தெரியாது. அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன்.

பெப்ரவரியில் ட்ராம் தரிப்பிடத்துப் பனியில் வழுக்கிக் கால் முறிந்தபோது நான் யாரையும் கூப்பிடவில்லை. நீதான் தொலைபேசியில் என் குரலைக் கேட்டு, "நான் வாறன், நீ பேசாமல் படு" என்றாய். அடுத்த கிழமையே வந்து நின்றாய். அந்த நாட்களில் இந்த வீட்டைத் தாங்கியது நீ. சமைத்தாய், என்னைக் குளிக்க வார்த்தாய், சயனைக் கின்டர்கார்டனுக்குக் கொண்டுபோய்விட்டுக் கூட்டி வந்தாய். யாதவி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சப்பாத்தைக் கழற்ற முதலே "சித்தி" என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு அதில் கொஞ்சம்கூடப் பொறாமை இருக்கவில்லை. என் பிள்ளைகளுக்கு இரண்டு தாய் என்று ராஃபியிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

பெசாக் பண்டிகை வந்தபோது நான் சோபாவில் காலைத் தூக்கி வைத்தபடி கிடந்தேன். ராஃபியின் ஆட்களுக்கு அது வருடத்தில் பெரிய நாள். எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்கள் விடுதலையாகி வெளியேறிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வதற்கென்றே வைத்திருக்கிற பண்டிகை. நான் யூதப் பெண் இல்லை, ஆகவும் இல்லை. ஆனாலும் பிள்ளைகள் பிறந்த நாளிலிருந்து அதற்கான கைவேலைகள் எல்லாம் என் பொறுப்பு. இந்த முறை அதை உன்னிடம் கொடுத்தேன். நீ அதை என்னைவிட வடிவாகச் செய்தாய்.

நான் சோபாவிலிருந்து கதையைச் சொல்லச் சொல்ல, நீ தரையில் பிள்ளைகளோடு இருந்து ஒட்டினாய், வெட்டினாய். எகிப்தின்மேல் வந்த வாதைகளாகப் பச்சைக் காகிதத்தில் தவளைகள், முட்டைப் பெட்டியில் வெட்டுக்கிளிகள், பஞ்சில் கல்மழை. அப்பாவின் பழைய வேட்டியில் ஒரு துண்டு வெட்டி, உருளைக்கிழங்கு அச்சால் நட்சத்திரம் பதித்து, புளிக்காத ரொட்டியை மூடி வைக்கத் துணி செய்தீர்கள். லாங்ஸ்ட்ராசவில் தமிழ்க் கடையில் பேரீச்சம்பழம் வாங்கி வந்து, அப்பிளும் வாதுமைக்கொட்டையும் சேர்த்து இடித்தபோது யாதவி விரலால் தொட்டு நக்கிவிட்டு, "இது பிள்ளையார் கோயில் பஞ்சாமிர்தம்" என்றாள். என் நீல நைலெக்ஸ் சேலையை வீட்டு நடையில் விரித்து, தப்பி வந்தவர்களுக்கு இரண்டாகப் பிளந்து வழிவிட்ட செங்கடலாக்கினாய். நீ ஒரு நுனி, வேலையால் வந்த ராஃபி மறு நுனி. சேலையை இரண்டு பக்கமும் தூக்கிப் பிடிக்க, பிள்ளைகள் நடுவால் ஓடி அக்கரைக்குப் போனார்கள். எத்தனை தரம் ஓடினார்கள் என்று யாருக்குத் தெரியும்? கீழ்வீட்டுக்காரி வந்து மணியடிக்கும்வரை ஓடினார்கள்.

பண்டிகை வழக்கப்படி புளிக்கக்கூடிய மாவுப் பண்டங்களை எல்லாம் வீட்டை விட்டு வெளியேற்றும்போது, இடியப்ப மா இருக்கலாமோ என்று நீ கேட்டாய். பிள்ளைகள் ஓப்பா என்று கூப்பிடும் என் மாமனார் அதைப் பெரிய கேள்வியாக எடுத்து யோசித்தார். தங்கள் ஆட்கள் அரிசியைத் தொடமாட்டார்கள், வேறு தேசத்து யூதர்கள் சாப்பிடுவார்கள், இந்த வீட்டில் இரண்டு தேசமும் இருக்கிறபடியால் மா இருக்கட்டும் என்றார். நீ வாய்விட்டுச் சிரித்தாய். "அக்கா, உன்ர மாமா தங்கமான மனுசன்" என்றாய். இதை நீ மறந்திருக்க மாட்டாய்.

கதவு வேலை செய்த நாளும் நினைவிருக்கும். கடைசி வாதையின்போது, ஆட்டு இரத்தம் பூசிய கதவுகளைச் சாவு கடந்து போனது என்று கதை. அதற்காகப் பிள்ளைகள் இருவரும் கையில் சிவப்பு மை தோய்த்து, பொதி சுற்றும் காகிதத்தில் பதித்தார்கள். அதை அவர்களின் அறைக் கதவைச் சுற்றி ஒட்டினீர்கள். நீ ஒட்டி முடித்துவிட்டு அங்கேயே நின்றாய். "சாவு உண்மையாகவே கடந்து போகுமோ அக்கா?" என்று கேட்டாய். உன் பிள்ளையை நினைத்துத்தான் கேட்கிறாய் என்று எனக்கு விளங்கியது. ஒரு நாள்கூட முழுதாக வாழாத அந்தப் பிள்ளையை, செய்தி கேட்டு ரொறன்ரோவுக்கு வந்து நானும் மடியில் வைத்திருந்தேன். அதனால் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கேள்வி உன்னை எங்கே கொண்டுபோகும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை, ஆராவில் உன் கூட்டாளி தனுஷியா வீட்டுக்குப் போகிறேன், யாதவியையும் கூட்டிப் போகட்டுமா என்று கேட்டாய். சயனுக்கு இருமல், அவன் என்னோடு நின்றான். யாதவிக்கு வெள்ளைச் சட்டை போட்டாய். ஏன் வெள்ளை, ஊத்தையாகிவிடுமே என்றேன். தனுஷியா வீட்டில் படம் எடுப்பார்கள் என்றாய். பின்னேரம் வந்தபோது பிள்ளையின் தலை ஈரமாக இருந்தது. தண்ணீரில் விளையாடினாள் என்றாய். நான் அவளை என் பக்கத்தில் இருத்தி, துவாயால் தலையைத் துவட்டினேன். ரிஷானி, நான்தான் துவட்டினேன். நீ குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு யாதவி மாறிவிட்டாள். படுக்கையை நனைத்தாள். நகத்தைக் கடித்தாள். ஏனம்மா என்று கேட்டால், "ஒண்டுமில்லை" என்றுவிட்டு உன்னைப் பார்ப்பாள். சித்தி கனடாவுக்குத் திரும்பிப் போகப்போகிறாள் என்ற கவலை என்று நினைத்து, நானே உன்னிடம், "பிள்ளையோடை கொஞ்சம் கூட இரு" என்று சொன்னேன்.

இனிப் பண்டிகை நாள். மேசையில் யார் யார் எங்கே இருந்தோம் என்பதை இன்னும் கண்ணை மூடினால் காண்கிறேன். மேசையின் தலைப்பக்கம் ஓப்பா, அவருக்கு இடப்பக்கம் யாதவி, எதிரே நீ. பிள்ளைகள் தவளைகளைக் கிண்ணங்களுக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். கடைசிப் பிள்ளை பாடிக் கேட்க வேண்டிய கேள்விகளைச் சயன் தப்பும் தவறுமாகப் பாடினான். பிறகு, ஒவ்வொரு வருடமும் போல, ஓப்பா தன் அக்கா மிரியாமின் கதையைச் சொன்னார்.

உனக்கு அந்தக் கதை புதிதில்லை. என் கலியாணத்துக்கு முந்திய வாரம் நான் உனக்குச் சொல்லி, நாம் இருவரும் அழுதிருக்கிறோம். யூதர்களைப் பிடித்துக் கொன்ற இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் அவருடைய தாய் தகப்பன் பிரான்சிலிருந்து சுவிஸ் எல்லையைக் கடந்தபோது மிரியாமுக்குக் கடும் காய்ச்சல். சின்னப் பிள்ளை. ஒரு மடத்தில் கன்னியாஸ்திரிகளிடம் விட்டுவிட்டு வந்தார்கள். அவர்கள் உயிரைக் காப்பாற்றினார்கள், அதை ஓப்பா எப்போதும் முதலில் சொல்வார். ஆனால் ஞானஸ்நானம் கொடுத்து, வேறு பெயரும் வைத்துவிட்டார்கள். யுத்தம் முடிந்து தாய் தேடிப் போனபோது, இந்தப் பிள்ளை இப்போது எங்கள் சபையின் பிள்ளை என்று சொல்லி வேறெங்கோ அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு பிறந்தவர் ஓப்பா. அக்காவை அவர் கண்டதே இல்லை. பண்டிகை மேசையில் ஒருமுறை அவளுடைய பெயரைச் சொல்வதுதான் அவருக்கு மிஞ்சியிருப்பது.

"அவளுக்கு இன்னொரு பெயர் வைத்தார்கள்" என்று அவர் சொன்ன இடத்தில் குரல் கரகரத்தது. உடனே யாதவி அவருடைய கையைப் பிடித்தாள். சுவிஸ் ஜெர்மனில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "அழாதைங்கோ ஓப்பா. எனக்கும் இன்னொரு பேர் இருக்கு. கிரேஸ். ஆனா நான் வீட்டுக்குத் திரும்பி வந்திட்டன்தானே."

பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உன்னைப் பார்த்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. உன்னைத்தான் பார்த்தாள். "சித்தி, நான் சொல்லிப்போட்டன்" என்று தமிழில் அழத் தொடங்கினாள்.

ஓப்பா என்ன செய்தார் என்று நீ பார்த்தாயோ தெரியாது. நீ தலையைக் குனிந்திருந்தாய். அவர் யாதவியை மடியில் தூக்கி வைத்து, "ஓம், நீ திரும்பி வந்திட்டாய்" என்றார். கிரேஸ் நல்ல பெயர் என்றும் சொன்னார். கதையைக் கடைசிவரை வாசித்தார். வழக்கப்படி ஒளித்து வைத்த ரொட்டித் துண்டைப் பிள்ளைகளோடு சேர்ந்து தேடினார். சாப்பிட்டார், பாடினார். போகும்போது வாசலில் நின்று கோட்டுப் பொத்தானைப் போட அவரால் முடியவில்லை. ராஃபி குனிந்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார்.

குசினியில் நான் உன்னிடம் கேட்டபோது நீ மறைக்கவில்லை. ஆராவில் ஒரு தமிழ்ச் சபையில், தாய்க்குச் சம்மதம், கால் முறிந்தபடியால் வரவில்லை என்று போதகரிடம் சொல்லிப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பித்திருக்கிறாய். யாதவியிடம், இதுவும் பெசாக் விளையாட்டுத்தான், இது செங்கடல் தண்ணீர், தலையில் விழுந்தால் அக்கரைக்குப் போய்விடலாம் என்று சொல்லியிருக்கிறாய். நான் சோபாவில் கிடந்து சொல்லிக் கொடுத்த கதையைக் கொண்டுபோய், என் பிள்ளையை எனக்குத் தெரியாமல் நடத்திப் போயிருக்கிறாய்.

"நாளைக்கு ஏதும் நடந்தால் பிள்ளை எங்கை போவாள் எண்டு நீ யோசிச்சனியோ? என்ர பிள்ளைக்கு ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை" என்று அழுதாய். நானும் அழுதேன். உன் பயம் எனக்கு விளங்குகிறது, ரிஷானி. அதை நான் சின்னதாக நினைக்கவில்லை. நீ போகும் கோயிலோடும் எனக்குக் கோபமில்லை. பிள்ளை போன பிறகு உன்னைப் படுக்கையிலிருந்து எழுப்பியது அந்த வேதமும் அந்தச் சபைச் சனமும்தான். அதற்கு நான் நன்றி சொல்லியிருக்கிறேன்.

ஆனால் நீ எங்கள் உடன்பாட்டுக்குச் சாட்சியாக இருந்தவள். லாங்கன்தாலில் அம்மாவின் மேசையில் ராஃபி அப்பாவிடம் சொன்னபோது நீ பக்கத்தில் இருந்தாய். இரண்டு வீட்டுப் பண்டிகையும் பிள்ளைகளுக்கு இருக்கும், ஆனால் வளர்ந்து தாங்களே கேட்கும்வரை எந்தச் சமயத்துக்குள்ளும் அவர்களைச் சேர்ப்பதில்லை என்று. சயன் பிறந்தபோது தங்கள் வழக்கப்படி ஆண்பிள்ளைக்குச் செய்ய வேண்டிய விருத்தசேதனச் சடங்கைக்கூட ராஃபி செய்யவில்லை. ஓப்பாவுக்கு அது எவ்வளவு நோ என்று எல்லோருக்கும் தெரியும். அவர் தாங்கிக்கொண்டார். அவர் தாங்கியது உனக்குத் தெரியும். மிரியாமின் கதையும் தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டு செய்தாய். தெரியாத ஒருவர் செய்திருந்தால் இவ்வளவு நொந்திருக்காது.

நீ காணாமல் இங்கே நடந்ததையும், நீ போன பிறகு நடந்ததையும் எழுத வேண்டும். பண்டிகை நாளன்றே பாத்திரம் கழுவும்போது ராஃபி என்னிடம், "உனக்குத் தெரிந்திருந்ததா?" என்று கேட்டார். ஒரே ஒரு தரம்தான் கேட்டார். இல்லை என்றேன், நம்பினார். பிறகு மன்னிப்பும் கேட்டார். ஆனால் கேட்டாரே. பத்து வருடமாக இந்த வீட்டில் அப்படியொரு கேள்வி இருந்ததில்லை. இப்போது ஆராவ் என்ற சொல்லை யாராவது சொன்னால் இரண்டு பேரும் வேறு பக்கம் பார்க்கிறோம்.

அம்மாவிடம் சொன்னேன். "தண்ணிதானே பிள்ளை. துவாயாலை துடைச்சால் போச்சு. அவள் பிள்ளையைப் பறிகொடுத்தவள், விடு" என்றார். உன்மேல் உள்ள பாசத்தில் சொல்கிறார். நான் அதற்குப் பிறகு அம்மாவோடு இதைக் கதைப்பதில்லை. அப்பா ரயிலேறி வந்து ஒரு பின்னேரம் முழுவதும் யாதவியோடு பூங்காவில் இருந்துவிட்டுப் போனார்.

அந்த ஆராவ் சபைப் போதகர் இராஜசிங்கம் வந்தார். தனுஷியா மூலம் உண்மை தெரிந்ததும் தானாகவே தொலைபேசி எடுத்து, வரலாமா என்று கேட்டார். வயதான மனுசன், மூன்று மாடியும் மூச்சு வாங்க ஏறி வந்தார். "தங்கச்சி சொன்னதை நம்பினது என்ர பிழை. தாயைத் தகப்பனைக் காணாமல் நான் செய்திருக்கக் கூடாது" என்றார். இதைத் திருப்ப முடியுமா என்று ராஃபி கேட்டார். "தண்ணியைத் திருப்பி எடுக்கேலாது, தம்பி. ஆனா இவள் உங்கட பிள்ளை. நாங்கள் ஒருநாளும் உரிமை கேட்டு வரமாட்டம். இதை உங்கட அப்பாவுக்கும் என்ர வாயாலை சொல்ல விரும்புறன்" என்றார்.

ராஃபி அவரை ஓப்பா வீட்டுக்குக் கூட்டிப் போனார். அங்கே என்ன கதைத்தார்கள் என்று முழுதாக எனக்குத் தெரியாது. போதகர் அந்த வசனத்தை ஜெர்மனில் சொல்ல முயன்று தடுமாற, ராஃபி மொழிபெயர்த்தாராம். அதை இன்னொரு முறை சொல்லும்படி ஓப்பா கேட்டாராம். எண்பது வருடமாக அவருடைய குடும்பத்துக்கு ஒருவரும் சொல்லாத வசனம் அது. கிட்டத்தட்ட ஒரு மாதமாக எங்கள் வீட்டுக்கு வராமல் இருந்தவர், அடுத்த ஞாயிறு பிள்ளைகளை விலங்குக்காட்சிச்சாலைக்குக் கூட்டிப்போக வந்தார். உன்னைப் பற்றிக் கேட்டார். சுகமாக இருக்கிறாள் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

எல்லோரும் எப்படியோ தேறிக்கொண்டு வருகிறோம். ஓப்பா வருகிறார், ராஃபி சிரிக்கிறார், என் காலும் பொருந்திவிட்டது. தேறாதவள் யாதவி.

அவள் இப்போது எதைச் சொல்வதற்கு முன்பும், "இதை அம்மாவுக்குச் சொல்லலாமோ?" என்று கேட்கிறாள். பள்ளிக்கூடத்தில் கூட்டாளி பென்சில் தந்தாள் என்பதைச் சொல்லவும் கேட்கிறாள். வயிறு நோகிறது என்பதைச் சொல்லவும் கேட்கிறாள். என்னிடமே கேட்கிறாள், நான்தான் அம்மா என்பதை மறந்தவள் போல. எல்லாவற்றையும் சொல்லலாம் குஞ்சு என்று நான் சொல்கிறேன். தலையை ஆட்டுவாள், நம்பமாட்டாள். சித்தி கனடாவுக்குப் போனது தான் சொல்லிவிட்டதால்தான் என்று நினைக்கிறாள். பல நாள் கழித்து ராஃபியிடம் அதைச் சொன்னாள், என்னிடம் சொல்லவில்லை.

பெயரும் தண்ணீரும் எனக்குப் பெரிதில்லை, ரிஷானி. அதை நானும் ராஃபியும் பிள்ளைக்கு விளங்கப்படுத்திக்கொள்வோம். ஆனால் ஏழு வயதும் ஆகாத பிள்ளையின் வாயில் என்னை விலக்கி ஒரு பூட்டுப் போட்டாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நம் இருவருக்கும் இடையில் அப்படியொரு பூட்டு இருந்ததில்லை. உன் பிள்ளை போன செய்தியை நீ உன் மாமியாருக்குச் சொல்ல முதல் எனக்குச் சொன்னவள்.

வருகிற ஆவணியில் சயனின் பிறந்தநாளுக்கு வரட்டுமா என்று அம்மா மூலம் கேட்டிருக்கிறாய். இப்போது வர வேண்டாம். ஒருநாளும் வராதே என்று நான் எழுதவில்லை. அப்படி எழுத எனக்குக் கை வராது. எப்போது என்றும் எழுத முடியவில்லை.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். யாதவிக்கு ஒரு கடிதம் எழுது. குரல் பதிவு வேண்டாம், கையால் எழுது. இப்போது எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள், பெரிய எழுத்தில் எழுது. வேதம் பற்றியும் வேண்டாம், மன்னிப்புப் பற்றியும் வேண்டாம், அது பெரியவர்களின் விசயம். அவள் சொன்னது சரி என்று எழுது. சித்தி போனது அவளால் இல்லை என்று எழுது. எல்லாவற்றையும் அம்மாவுக்குச் சொல்லலாம் என்று உன் கையால் எழுது. என் சொல்லை அவள் நம்புகிறாள் இல்லை. உன் சொல்லை நம்புவாள்.

இரும்புச்சத்துக் குளிசையை வெறும் வயிற்றில் போடாதே, உனக்குத் தலை சுற்றும். பிள்ளையைப் புதைத்த இடத்துக்கு இந்த மாதம் போனால், பெரியம்மா பெயரிலும் ஒரு பூ வை. கடவுள் உன்னையும் சாயிசனையும் காக்கட்டும். உன் கடவுளாக இருந்தாலும் சரி.

கெதியாக எழுது. பிள்ளை காத்திருக்கிறாள்.

அக்கா
வேணுகா